கல்கத்தாவிலிருந்து டாக்கா எவ்வளவு தூரம்?

நம் விடுதியின் படிப்பறையில் ஒரு பழைய தேசப்படம் தொங்குகிறது. அதில் கல்கத்தாவுக்கும் டாக்காவுக்கும் இடையே அளவுகோலை வைத்துப் பார்த்தேன். ஏறத்தாழ 250 கிலோமீட்டர். சென்னைக்கும் திருச்சிக்கும் இடையே உள்ளதை விடக் குறைவு. நம்மில் யாராவது திருச்சிக்குப் போவதைப் பெரிய பயணம் என்று சொல்லிக் கொள்வோமா? பகல் உணவை முடித்துக்கொண்டு சென்னையில் வண்டி ஏறினால் இரவுச் சாப்பாட்டுக்கு மலைக்கோட்டை அடிவாரத்தில் இருக்கலாம்.

(2001ஆம் ஆண்டிலேயே இந்நகரம் கொல்கத்தா ஆகிவிட்டது. ஆயினும் நம் வீட்டுப் பெரியவர்கள் கடிதத்திலும் பேச்சிலும் கல்கத்தாவை விடவில்லை. நானும் விடப் போவதில்லை.)

தேசப்படத்தை நான் அளக்க நேர்ந்ததற்குக் காரணம் ஒரு மூதாட்டி. என் அறைத் தோழன் வங்காளி. அவன் பாட்டி டாக்காவுக்குத் தெற்கே, பத்மா நதிக்கரையில், பிக்ரம்பூர்ப் பகுதியில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில், 1950ஆம் ஆண்டில், பெற்றோருடன் கல்கத்தாவுக்கு வந்தார். பிறகு திரும்பிப் போகவே இல்லை. பூசை விடுமுறையில் ஊருக்குப் போகாமல் நான் அவர்கள் வீட்டில் தங்கியிருந்தபோது, "உன் ஊருக்குப் போக எத்தனை நேரம் ஆகும்?" என்று கேட்டார். ஒரு பகலும் ஓர் இரவும் ரயிலில் இருக்க வேண்டும், 1,660 கிலோமீட்டர் என்றேன். பாட்டி சிரித்தார். "அவ்வளவுதானா? என் ஊர் இதோ இங்கே இருக்கிறது. எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் நான் இன்னும் போய்ச் சேரவில்லை" என்றார்.

அன்று முதல் இந்தக் கணக்கு என்னை விடவில்லை. ஹௌராவிலிருந்து சென்னைக்குப் போக நமக்கு வேண்டியது ஒரு டிக்கட். ஒரிசாவைக் கடக்கிறோம், ஆந்திரத்தைக் கடக்கிறோம், மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா என்று மூன்று பேராறுகளைக் கடக்கிறோம். எங்கும் யாரும் நம்மை இறங்கச் சொல்லி, 'நீ யார்?' என்று கேட்பதில்லை. கிட்டத்தட்ட ஏழு மடங்கு தூரம் ஒரு நாளில் முடிகிறது. டாக்கா என்னும் அந்த ஏழில் ஒரு பங்குக்கோ கடவுச்சீட்டு வேண்டும், விசா வேண்டும், அதற்கு மேல் அந்த மாதம் இரு அரசுகளும் முகம் கொடுத்துப் பேசிக்கொண்டிருக்கவும் வேண்டும். தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்வது நிலம் அளப்பவருக்குப் பொருந்தும். பயணம் போகிறவனுக்கு, வீட்டு வாசலில் செருப்பை மாட்டிய நேரத்திலிருந்து மறு வீட்டு வாசலில் அதைக் கழற்றும் நேரம் வரைக்கும் எவ்வளவோ அதுவே தூரம். அப்படி அளந்தால், டாக்கா கல்கத்தாவை விட்டு விலகிப் போய்க்கொண்டே இருக்கும் ஊர் என்பது தெரியும்.

பாட்டி சொல்லும் பழைய வழியைக் கேளுங்கள். கல்கத்தாவின் சியால்தா நிலையத்தில் இரவு வண்டி ஏறினால், விடியும்போது கோயலந்தோ. பத்மாவும் பிரம்மபுத்திராவும் கலக்கும் இடம் அது. ரயில் பாதை அங்கே தண்ணீரில் முடிந்துவிடும். 1871ஆம் ஆண்டிலேயே பாதை அதுவரை வந்துவிட்டது. அங்கிருந்து நாராயண்கஞ்சுக்கு ஸ்டீமர். பகல் பொழுது ஆற்றின் மேல் கழியும். படகோட்டிகள் தங்களுக்கென்று சமைக்கும் கோழிக் குழம்பின் மணம் மேல்தளம் வரை வந்து பயணிகளை வதைக்கும். அந்தக் குழம்பு இன்றும் கோயலந்தோவின் பெயரால் வங்காளச் சமையலில் வாழ்கிறது. நாராயண்கஞ்சில் இறங்கினால் டாக்கா சிறிய ரயில் பயணம். பிக்ரம்பூர்க்காரர்கள் நடுவிலேயே ஒரு துறையில் இறங்கிக்கொள்வார்கள். நிலக்கரி தின்று புகை கக்கும் வண்டியும், துடுப்புச் சக்கரம் சுழற்றும் கப்பலும் இருந்த காலத்தில், முதல் நாள் இரவு கிளம்பியவர்கள் மறுநாள் டாக்காவில் இருந்தார்கள்.

1947இல் எல்லைக் கோடு விழுந்தது. விழுந்த உடனே வழி அடைபட்டுவிடவில்லை என்பதை நம்மில் பலர் அறியோம். பாட்டியின் குடும்பம் 1950இல் வந்தபோது அவர்கள் கையில் கடவுச்சீட்டு இல்லை. அப்படி ஒன்று அந்த வழிக்குத் தேவைப்படவும் இல்லை. 1952 அக்டோபரில்தான் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே கடவுச்சீட்டும் விசாவும் கட்டாயம் ஆயின. அதன் பிறகும் புகைவண்டிகள் ஓடின. 1965 செப்டம்பரில் போர் வந்தது, வண்டிகள் நின்றன. 1971இல் வங்காள தேசம் நமக்கு நட்பு நாடாகவே பிறந்தது. ஆனால் கல்கத்தாவுக்கும் டாக்காவுக்கும் மறுபடி ஒரு பயணிகள் வண்டி முறையாக ஓட 2008 ஏப்ரல் 14 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வங்காளிகளுக்குப் புத்தாண்டாகிய நாள் அது. இடையில் 43 ஆண்டுகள். 1999இல் பேருந்து ஒன்று வந்ததைத் தவிர, தரை வழியில் சொல்லத்தக்க ஏற்பாடு ஏதும் இல்லை.

இந்த இடத்தில் ஒரு தமிழனுக்குத் தனுஷ்கோடி நினைவுக்கு வராமல் போகாது. நமக்கும் ஒரு கோயலந்தோ இருந்தது. 1914இல் பாம்பன் பாலம் திறந்தபின், எழும்பூரில் இரவு போட் மெயில் ஏறியவர் மறுநாள் தனுஷ்கோடித் துறையில் கப்பல் மாறி, 35 கிலோமீட்டர் கடல் கடந்து, தலைமன்னாரில் மறுபடி ரயில் ஏறி, மூன்றாம் நாள் காலையில் கொழும்புக் கோட்டை நிலையத்தில் இறங்கினார். 1964 டிசம்பர் 22ஆம் நாள் நள்ளிரவில் வந்த புயல் தனுஷ்கோடியையும் அதன் ரயிலையும் விழுங்கியது. ஒன்பதே மாதம் கழித்து, 1965 செப்டம்பரில், டாக்கா வண்டிகள் நின்றன. தெற்கே ஒரு வழியைக் கடல் அறுத்தது. கிழக்கே ஒரு வழியை மனிதர் அறுத்தனர். இவற்றில் எதைச் சீராக்குவது எளிது? கடல் அறுத்ததற்கு மாற்று வழி உடனே கண்டார்கள். பாம்பன் பாலத்தைச் சில வாரங்களில் செப்பனிட்டார்கள். கப்பல் தனுஷ்கோடிக்குப் பதில் இராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்கு ஓடியது. அந்தக் கப்பலும் 1980களில் நின்றது. அப்போது நிறுத்தியது புயல் அன்று, இலங்கையில் மூண்ட உள்நாட்டுப் போர். இன்றும் இராமேசுவரம் போகும் வண்டியை நம்மவர் போட் மெயில் என்றே அழைக்கிறார்கள். போட் எங்கே என்று சிறுவர்கள் கேட்டால் பதில் சொல்லத் தெரியாமல் விழிக்கிறோம். 2023 அக்டோபரில்தான் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு ஒரு கப்பல் புறப்பட்டது.

டாக்கா வழிக்கு வருவோம். 2008இல் ஓடத் தொடங்கிய மைத்ரீ எக்ஸ்பிரஸ், வடக்கே சுற்றி, பத்மாவை ஹார்டிஞ்ச் பாலத்திலும் யமுனாவை 1998இல் கட்டிய பெரும் பாலத்திலும் கடந்து, 375 கிலோமீட்டர் ஓடியது. வங்காளத்து யமுனா, நம் தில்லி யமுனை அன்று. தொடக்கத்தில் இந்த வண்டிக்கு நேர்ந்த சங்கடத்தைச் சொன்னால் சிரிப்பு வரும். நம் எல்லையில் கேதே என்னும் நிலையம். அங்கே பயணிகள் யாவரும் மூட்டை முடிச்சோடு இறங்கி, வரிசையில் நின்று, காகிதம் காட்டி, பெட்டி திறந்து காட்டி, மறுபடி ஏற வேண்டும். சில கிலோமீட்டர் போனதும் அந்தப் பக்கத்து எல்லையில் தர்சனா நிலையம். அங்கும் அதே இறக்கம், அதே வரிசை, அதே பெட்டி திறப்பு. நூற்றுக்கணக்கான பேர், கிழவர்களும் நோயாளிகளும் கைக்குழந்தைகளும் உள்பட, ஒரே நாளில் இருமுறை மூட்டை தூக்கினார்கள். 2017 நவம்பரில் இந்த முறை மாறியது. சோதனைகளைப் புறப்படும் நிலையத்திலும் சேரும் நிலையத்திலும் முடித்துக்கொள்ளலாம், நடுவில் இறங்க வேண்டாம் என்றார்கள். பயண நேரம் இரண்டு மூன்று மணி குறைந்து, ஒன்பது மணி அளவுக்கு வந்தது.

நண்பர்களே, இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த இரண்டு மூன்று மணியைக் குறைக்கப் புது இஞ்சின் வாங்கவில்லை. ஒரு தண்டவாளம் மாற்றவில்லை. ஒரு பாலம் கட்டவில்லை. மேசைகளின் இடத்தை மாற்றினார்கள், அவ்வளவே. நம் பொறியியல் மாணவர்கள் வண்டியின் வேகத்தைக் கூட்டுவது பற்றிப் பேசுகிறார்கள். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தைக் கூட்டக் கோடிகள் செலவாகும். எல்லையில் போட்டிருக்கும் மேசைகளில் ஒன்றை எடுத்தால் அதே பலன் காசில்லாமல் கிடைக்கும். இந்த உண்மை நம் பக்கத்துக்கு மட்டும் உரியதும் அன்று. டென்மார்க்கின் கோபன்ஹேகனையும் சுவீடனின் மால்மோவையும் 2000ஆம் ஆண்டில் ஒரு பெரும் பாலம் சேர்த்தது. இந்த நாட்டில் வீடும் அந்த நாட்டில் வேலையுமாக மக்கள் அன்றாடம் போய் வந்தார்கள். 2016 தொடக்கத்தில் சுவீடன் அடையாளச் சோதனை வைத்தபோது, அதே பாலத்தில், அதே வண்டியில், பயணம் நீண்டுவிட்டது. மறு ஆண்டு அச்சோதனையைக் கைவிட்டார்கள்.

2022 ஜூன் 25ஆம் நாள் பத்மாவின் மேல் புதுப் பாலம் திறக்கப்பட்டது. ஆறு கிலோமீட்டருக்கு மேல் நீளம். அதுவரை கல்கத்தா–டாக்கா பேருந்துகள் மிதவைக் கப்பலுக்காக ஆற்றங்கரையில் மணிக்கணக்கில் காத்துக் கிடந்தன. 2024 டிசம்பரில் அப்பாலத்தின் வழியே டாக்காவிலிருந்து எல்லையிலுள்ள பேனாபோல் வரை நேர் ரயில் பாதையும் பயனுக்கு வந்தது. நான்கு மணி நேர அளவில் வண்டி எல்லைக்கு வந்துவிடுகிறது. எல்லைக்கு இந்தப் பக்கம், பன்காவிலிருந்து சியால்தாவுக்கு உள்ளூர் வண்டியில் இரண்டு மணி. கூட்டிப் பாருங்கள். ஆறே மணி நேரம்! கோயலந்தோ ஸ்டீமர் காலத்திலிருந்து பொறியியல் இவ்வளவு தூரம் முன்னேறி வந்து, இரண்டு பக்கத்துத் தண்டவாளங்களையும் எல்லைக் கோட்டின் மூக்கு வரை கொண்டுவந்து வைத்துவிட்டது.

ஆனால் அதற்கு முன்பே, 2024 ஜூலையில், டாக்காவில் மாணவர் போராட்டம் வெடித்து ஊரடங்கு வந்தபோது, மைத்ரீ நின்றுவிட்டது. கல்கத்தா–குல்னா வண்டியும் நியூ ஜல்பாய்குரி–டாக்கா வண்டியும் அதனோடு நின்றன. ஆகஸ்டு 5ஆம் நாள் அந்நாட்டு அரசு கவிழ்ந்தது. கலவரம் நடக்கும்போது வண்டியை நிறுத்தியது சரியே. யாரும் குறை சொல்ல மாட்டார்கள். கலவரம் அடங்கிய பின்னும், ஆண்டு ஒன்று திரும்பிய பின்னும், வண்டி ஓடாமல் இருந்ததே, அதைத்தான் குறை சொல்கிறேன். பெட்ராபோல் வழியாகச் சரக்கு லாரிகள் சில நாட்களிலேயே ஓடத் தொடங்கிவிட்டன. வெங்காயத்துக்கு வழி கிடைத்தது. வெங்காயம் உரிக்கும் பாட்டிக்கு வழி இல்லை. நாடுகள் பிணங்கும்போது முதலில் நிற்பது பயணிகள் வண்டி; இணங்கும்போது கடைசியில் புறப்படுவதும் அதுவே. நேர் எதிராக அல்லவா இருக்க வேண்டும்?

விமானம் இருக்கிறதே என்று சொல்லலாம். இருக்கிறது. வானத்தில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பயணம். டாக்காவின் கடிகாரம் நம்முடையதை விட அரை மணி முன்னால் ஓடுவதால், போகும்போது ஒன்றரை மணி நேரம் ஆனதாகவும் வரும்போது அரை மணியில் வந்துவிட்டதாகவும் தோன்றும், வேடிக்கையான கணக்கு. ஆனால் அந்த ஒரு மணிக்காக மூன்று மணி நேரம் முன்னதாக விமான நிலையத்தில் இருக்க வேண்டும். பேருந்துக் கூலிக்கே பணம் எண்ணி வைக்கும் குடும்பங்களுக்கு விமானம் வழி ஆகாது. பாட்டிக்கோ வேறு காரணம். "ஆற்றைக் கடக்காமல் ஊருக்குப் போவது எப்படி?" என்கிறார். அவருக்கு ஊர் என்பது முதலில் ஆறு. மேகத்தின் மேலே பறந்து போய் இறங்கும் டாக்கா அவருக்குத் தெரியாத ஊர்.

எல்லை என்றால் காவல் வேண்டாமா, கடத்தல்காரனும் கலகக்காரனும் வண்டி ஏற மாட்டானா என்று நம் அரசியல் துறை நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. சோதனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒருமுறை சோதியுங்கள், நன்றாகச் சோதியுங்கள், புறப்படும் இடத்திலேயே சோதியுங்கள். டிக்கட் வாங்கி, கடவுச்சீட்டு எடுத்து, பெயரும் முகவரியும் பதிவாகிப் பெட்டியில் அமர்ந்திருக்கும் பயணியைப் போல அரசுக்கு அடையாளம் தெரிந்தவர் எல்லையில் வேறு யார்? ஒளிந்து போகிறவன் மைத்ரீ எக்ஸ்பிரசில் போக மாட்டான். அவன் வயல் வரப்பில் போவான். வண்டியை நிறுத்துவதால் தடைபடுகிறவர்கள் சட்டத்துக்கு அடங்கி நடப்பவர்கள்தாம்.

இதில் தமிழ் மாணவனுக்கு என்ன என்று கேட்பவர் வேலூருக்குப் போய்ப் பார்க்கட்டும். கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் விடுதிகளிலும் கடைகளிலும் வங்காள எழுத்தில் பலகைகள். நம் சங்கத்தில் வேலூர்க்காரர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் கேளுங்கள். அந்தப் பலகைகள் கல்கத்தாக்காரருக்கு மட்டும் எழுதியவை அல்ல. டாக்காவிலிருந்தும் குல்னாவிலிருந்தும் நோயாளிகள் எல்லை கடந்து கல்கத்தா வந்து, ஹௌராவில் நாம் ஏறும் அதே வண்டியில் ஏறித் தெற்கே வந்தார்கள். சென்ற ஆண்டுகளில் நம் பெட்டியில் எதிர்ப் பலகையில் படுத்திருந்த நோயாளி எங்கிருந்து வந்தார் என்று நாம் கேட்டிருக்கிறோமா? 2024 ஆகஸ்டுக்குப் பிறகு விசா மருத்துவம் போன்ற அவசரத் தேவைகளுக்கு என்று சுருங்கியது. அவசரம் என்பதைக் காகிதத்தில் மெய்ப்பித்த பிறகே நோயாளியின் பயணம் தொடங்கும். வேலூருக்கு அவர் கடக்கும் 1,900 கிலோமீட்டருக்கும் மேலான வழியில் முதல் 250 கிலோமீட்டரே மிக நீண்டது.

இன்னொரு சான்று நம் விடுதியிலேயே இருக்கிறது. மூன்றாம் மாடியில் இருக்கும் திரிபுரா மாணவர் அகர்தலாவுக்குப் போக வடக்கே சிலிகுரி, கிழக்கே கௌகாத்தி, மறுபடி தெற்கே என்று 1,600 கிலோமீட்டர் சுற்றுகிறார். அவர் ஊர் டாக்காவுக்கு அப்பால், எல்லையை ஒட்டி இருக்கிறது. டாக்கா வழியே போனால் 500 கிலோமீட்டர் அளவுதான். இந்தியாவுக்குள்ளேயே ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போக மூன்று மடங்கு நடை! 2023 நவம்பர் 1ஆம் நாள் அகர்தலாவையும் எல்லைக்கு அப்பால் உள்ள அகவுராவையும் சேர்க்கும் 12 கிலோமீட்டர் ரயில் பாதையைத் திறந்து வைத்தார்கள். செய்தி வந்த அன்று அவர் விடுதி முழுவதற்கும் இனிப்பு வாங்கித் தந்தார். பாவம், அவர் இன்னும் கௌகாத்தி வழியாகத்தான் போகிறார்.

என் கருத்தைச் சுருக்காமல் சொல்லிவிடுகிறேன். இரண்டு அரசுகளும் எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டாலும், அதில் ரயில் கால அட்டவணை ஒன்றையும் சேர்க்க வேண்டும். அட்டவணையில் எழுதிய வண்டியைப் போரும் பெருவெள்ளமும் அன்றி வேறு எதற்காகவும் நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் எந்த நாளில் மறுபடி ஓடும் என்பதை நிறுத்தும் நாளிலேயே அறிவிக்க வேண்டும். அறுபது வயதைக் கடந்தவர்கள் பிறந்த ஊரைப் பார்க்கக் கேட்டால், அந்த ஒரு காரணமே விசாவுக்குப் போதுமானதாக இருக்க வேண்டும். அந்த வயதினர் எத்தனை பேர் மிச்சம் இருக்கிறார்கள்? 1950இல் பன்னிரண்டு வயதாக இருந்தவருக்கு இப்போது எண்பது கடந்து எவ்வளவோ ஆகிறது. ஒப்பந்தங்களுக்குக் காத்திருக்க நேரம் உண்டு, அவர்களுக்கு இல்லை.

என் தோழன் 2024 தொடக்கத்தில் பாட்டிக்குக் கடவுச்சீட்டு எடுத்து வைத்தான். மழைக் காலம் போனதும் மைத்ரீயில் அழைத்துப் போவதாகத் திட்டம். ஹார்டிஞ்ச் பாலத்தில் வண்டி போகும்போது பத்மாவைக் காட்டலாம் என்று, எந்தப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தால் நன்றாகத் தெரியும் என்பதைக்கூட விசாரித்து வைத்திருந்தான். ஜூலையில் வண்டி நின்றது. கடவுச்சீட்டு ஒரு முத்திரையும் படாமல் பாட்டியின் தகரப் பெட்டியில், சேலைகளுக்கு அடியில் இருக்கிறது.

சியால்தாவிலிருந்து கேதே வரை உள்ளூர் வண்டி ஓடுகிறது. அதற்கு விசா வேண்டாம். சென்ற குளிர் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் பாட்டியை அதில் அழைத்துப் போனோம். கேதே மேடையில் ஒரு தேநீர்க்காரர் இருந்தார். இதற்கு அடுத்த நிலையம் எது என்று பாட்டி அவரைக் கேட்டார். தர்சனா என்றார் அவர். போக எவ்வளவு நேரம் ஆகும் என்று பாட்டி கேட்டார். வண்டி போனால் பத்து நிமிடம் என்று சொல்லிவிட்டு அவர் அடுத்தவருக்குத் தேநீர் ஊற்றப் போனார். பாட்டி அங்கே இருந்த பலகையில் தண்டவாளத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு மூவரும் நாலரை மணி வண்டியில் திரும்பினோம்.